அப்பா சொன்ன பொய்

எங்கள் வீட்டில் அப்பாவும் அத்தையும் ஒரே கட்சிக்கு ஓட்டுப் போட்டதாக எனக்கு நினைவில்லை. வாக்குச்சாவடிக்கு ஒரே ஸ்கூட்டரில் போவார்கள். திரும்பி வந்ததும் சண்டை தொடங்கிவிடும். அப்பாவுக்கு ஒழுங்கு முக்கியம். நாங்கள் குடியிருந்த தெலுங்கு ஊரில், போலாரம் பகுதி ராணுவ அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்ததாலோ என்னவோ, ஆளில்லாத சாலையிலும் சிவப்பு விளக்குக்கு நிற்பார். அவருடைய தங்கையான அத்தை, தெருநாயின் காலுக்குக் கட்டுப்போட்டுவிட்டுத் தாமதமாகக் கல்லூரிக்குப் பாடம் நடத்தப் போகிறவள்.

எனக்கு எட்டு வயது. அன்று பந்த். அம்மா ஊருக்குப் போயிருந்தாள். காலை பதினோரு மணிக்குப் பெரிய சாலைப் பக்கம் கூச்சலும் கண்ணாடி நொறுங்கும் சத்தமும் கேட்டன. சற்று நேரத்தில் எங்கள் கொல்லைச் சுவரைத் தாண்டி ஒருவன் குதித்தான். நெற்றியிலிருந்து வழிந்த ரத்தம் ஒரு கண்ணை மூடியிருந்தது. கையில் பாதிச் செங்கல். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகைகூட வரவில்லை.

அப்பா என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"கல்லெறிஞ்சிட்டு வந்திருக்கான். போலீஸ்ல ஒப்படைக்கணும்."

"நக்கோ அண்ணா, வேண்டாம். முதல்ல ரத்தம் நிக்கட்டும்," என்றாள் அத்தை.

"இவன் எறிஞ்ச கல்லு பட்டவனுக்கும் ரத்தந்தான் வரும்."

அத்தை செங்கல்லை அவன் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். அவனைக் குளியலறைக்குள் கூட்டிப்போய்த் தாழிட்டுக்கொண்டாள்.

அதற்குள் வாசல் கேட்டில் லத்தி தட்டும் சத்தம். இரண்டு போலீஸ்காரர்கள். யாராவது ஓடி வந்தார்களா என்று தெலுங்கில் கேட்டார்கள். நான் பிடித்திருந்த அப்பாவின் கை ஈரமாக இருந்தது. உள்ளே தண்ணீர் விழும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"லேது சார்," என்றார் அப்பா. "லோபல மா செல்லி ஸ்நானம் சேஸ்தோந்தி."

யாரும் வரவில்லை, உள்ளே என் தங்கை குளிக்கிறாள் என்று அப்பா சொன்ன பொய் எனக்குப் புரிந்தது. ஒரு போலீஸ்காரர் குனிந்து, நிஜமா பாப்பா என்று என்னைக் கேட்டார். தலையாட்டினேன். என் கவுன் நனைந்துவிட்டது பிறகுதான் தெரிந்தது.

அவர்கள் போன பின் அப்பா கொல்லைக் கதவைத் திறந்து அவனை அனுப்பினார். அவன் யார், எங்கே போனான், அவன் கல் யார் மேல் பட்டது, எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை. அத்தை ஏதோ சொல்ல வந்தாள்.

"பேசாத," என்றார் அப்பா. குளியலறைத் தரையைத் தேய்க்க உட்கார்ந்தவர், ரத்தக்கறை போன பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தார். தெருவில் ஜீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் கை நின்றது.

அப்பா மனம் மாறிவிட்டார், அத்தை ஜெயித்துவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவர் துளியும் மாறவில்லை. அந்தக் கதவுக்குப் பின்னால் அத்தை காப்பாற்றியது அடிபட்ட ஒருவனை; அப்பா காப்பாற்றியது தன் தங்கையை. எட்டு வயதில் எனக்கு அது தெரியவில்லை.