அந்தோணியம்மாளின் அண்டா

அண்டாவின் மேல் கை வைத்தேன். சூடாக இருந்தது.

பக்கத்து அடுப்பிலோ சாம்பல் ஆறிக் கிடந்தது. பித்தளை தேய்த்த ஈரப் புளி வாடையும் அவித்த நெல்லின் வாடையும் அந்தச் சின்ன வீட்டை நிறைத்திருந்தன... இன்றைக்கும் எங்காவது நெல் அவிக்கும் ஆவி வந்தால் எனக்கு அந்த வீடுதான் நினைவுக்கு வருகிறது.

சுதந்திரம் வந்து நாலைந்து வருடம் இருக்கும். நம் காலேஜ் வகுப்பில், தோழிகளே, நீங்கள் பாதிப் பேர் டீச்சர் வேலைக்குப் போனீர்கள். எனக்குக் கிராமத்துக் கடன் பற்றிய ஓர் ஆய்வில் வேலை கிடைத்தது. யாருக்குக் கொடுத்தால் கடன் திரும்பி வரும், யாருக்குக் கொடுத்தால் வராது என்று கண்டுபிடிப்பதுதான் ஆய்வு. நாங்கள் எழுதித் தருவதைப் பார்த்துத்தான் கூட்டுறவுச் சங்கம் கடன் கொடுக்கும்.

புதுக்கோட்டையில் பஸ் ஏறி, குன்றாண்டார்கோவிலுக்கு முன்னால் இறங்கி, வெயிலில் நடப்போம். நானும் எங்கள் சூப்பர்வைசரும். குடை அவரிடம் இருக்கும்.

வீடு வீடாகச் சாமான்களை எழுத வேண்டும். மாடு, ஏர், வண்டி, பித்தளை. பித்தளைக்கு எங்கள் ஃபாரத்தில் தனிக் கட்டமே உண்டு. விற்றால் உடனே காசாகும் அல்லவா.

அந்தத் தெருவில் முதல் வீடு அந்தோணியம்மாளுடையது. புருஷன் மலாயாவுக்குப் போனவர். கடிதம் வருவதும் நின்றுவிட்டது. ஊரார் நெல்லை அவித்துக் கொடுத்துக் கூலி வாங்கிப் பிழைத்தாள். அதற்கு முதல் என்று அவளிடம் இருந்தது ஒரு பெரிய பித்தளை அண்டா. கழுத்தில் புள்ளி புள்ளியாக அவள் பெயர் வெட்டியிருந்தது.

"சங்கத்துல கடன் கேட்டிருக்கீங்களா?" என்றேன்.

"எனக்கெதுக்குத் தாயி கடன்? இந்த அண்டா இருக்கையில நான் யாரு வாசல்ல போயி நிக்கப் போறேன்?"

மூன்றாவதாகப் போன லூர்துவின் வீட்டில்தான் அந்தச் சூடான அண்டா. நான் குனிந்ததும் லூர்து முந்தானையால் அதன் கழுத்தைத் துடைப்பதுபோல மறைத்தாள்.

"இது உங்களுதா?"

"எங்களுதுதாங்க."

"அந்தோணியம்மாள்னு பேரு இருக்கே?"

"அது... எங்க நாத்தனா பேருங்க."

கொல்லைப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "ஏண்டி, எனக்குத் தெரியாம என் தம்பிய எப்படி கட்டுன?"

அந்தோணியம்மாள்தான். அண்டாவைப் பின்வாசல் வழியாகத் தூக்கி வந்தவளே அவள்தான் என்று அப்போதுதான் புரிந்தது. எல்லோரும் சிரித்தோம். நானும்.

சிரிப்பு அடங்கியதும் லூர்து மெதுவாகச் சொன்னாள். "ஒரு சோடி மாடு வாங்கணுங்க. வெறும் வீட்டைப் பாத்து யாரு குடுப்பா?"

"எழுதிக்க தாயி," என்றாள் அந்தோணியம்மாள். "இன்னும் அங்கிட்டு நாலு வீட்டுக்கு அது போகணும். பாவம், வாங்கிப் பொழைக்கட்டும்."

ஒவ்வொரு ஃபாரத்தின் ஓரத்திலும் 'இரவல் அண்டா, அந்தோணியம்மாளுடையது' என்று எழுதினேன். சாயங்காலம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது சூப்பர்வைசர் அதைப் படித்தார். பேனாவை எடுத்தார்.

"வீட்டுல அண்டா இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சு சார். ஆனா எல்லா வீட்டுலயும் ஒரே அண்டா..."

"பாத்ததை எழுதுங்க மிஸ். யாருதுன்னு துப்புத் துலக்க நாம என்ன போலீஸா? அதுக்குக் கட்டம் இல்ல."

"ஒரு கட்டம் சேத்துக்கலாமே சார்?"

"ஃபாரம் அச்சடிச்சாச்சு."

என் குறிப்புகளை எல்லாம் அடித்துவிட்டார். பஸ் வந்தது.

சங்கம் அந்தத் தெரு முழுவதற்கும் கடன் கொடுத்தது. லூர்து வீட்டில் மாடு வந்தது. இரண்டு வருடம் எல்லோரும் ஒழுங்காகக் கட்டினார்கள். சூப்பர்வைசர் போகிற கூட்டத்திலெல்லாம் அந்தத் தெருவைப் பற்றித்தான் பேசினார்.

பிறகு மழை பொய்த்தது. மழை ஒரு வீட்டுக்கு மட்டும் பொய்ப்பதில்லை. ஒருவர் தவறினால் இன்னொருவர் கட்டுவார் என்று நாங்கள் போட்ட கணக்கு அந்த ஒரு கோடையில் காய்ந்து போனது.

மறு ஆய்வுக்காக நான் போயிருந்த அன்றுதான் கோர்ட் அமீனா ஜப்திக்கு வந்தார். தெருவில் மாடுகள் செத்திருந்தன, அல்லது விற்றுப் போயிருந்தன. வீடு வீடாக ஏறி இறங்கி வெறுங்கையோடு வந்தவர், லூர்துவின் வீட்டில் அண்டாவைப் பார்த்தார். தூரத்துக் கிணற்றிலிருந்து தெருவே தண்ணீர் சுமந்து வந்து அதில்தான் ஊற்றி வைத்திருந்தது.

தண்ணீரை வாசலில் கவிழ்த்தார்கள். மண் அதை ஒரு நொடியில் குடித்தது.

அந்தோணியம்மாள் ஓடி வந்தாள். "அது என் அண்டாய்யா! பேரு வெட்டியிருக்கு, படிச்சுப் பாருங்கய்யா!"

அமீனா படித்தார். அப்புறம் கையிலிருந்த எங்கள் ஃபாரத்தின் நகலையும் படித்தார். "இந்த வீட்டுச் சாமான்னுதாம்மா எழுதியிருக்கு."

"எழுதினது நான்தாங்க," என்றேன். "இரவல்னு ஓரத்துல குறிப்பும் எழுதினேன்."

"குறிப்பு எங்கம்மா இருக்கு? காட்டுங்க."

நகல் எடுத்தவர்கள் அடித்ததை விட்டுவிட்டு எடுத்திருந்தார்கள். காட்ட என்னிடம் ஒன்றுமில்லை.

அந்தோணியம்மாள் என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. "அன்னிக்கு நீ படிச்சியே தாயி..." என்றாள். அவ்வளவுதான்.

அந்தத் தெருவிலேயே கடன் வாங்காத ஒரே ஆள் அவள்தான். அண்டா போன பிறகு பக்கத்து ஊர் ரைஸ் மில்லில் களம் கூட்டப் போனாள் என்று கேள்விப்பட்டேன்.

சூப்பர்வைசர் இப்போது பெரிய பதவியில் இருக்கிறார். அந்த ஆய்வு பைண்டு போட்டு நூலகத்தில் இருக்கிறது. அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு பித்தளை இருப்பதாக அதில் இன்னும் இருக்கிறது.

எனக்கும் நாற்பது தாண்டிவிட்டது. கடன் மனுக்களைச் சரிபார்க்கும் ஆபீஸில்தான் வேலை. இன்றைய ஃபாரத்தில் 'யாருக்குச் சொந்தம்' என்று ஒரு கட்டம் உண்டு. கட்டுக் கட்டாக வருகிற மனுக்களில் அந்தக் கட்டம் மட்டும் ஒரே குமாஸ்தாவின் கையெழுத்தில் நிரம்பியிருக்கிறது. 'சொந்தம்', 'சொந்தம்', 'சொந்தம்'. நான் திருப்பி அனுப்புகிறேன். அதே கையெழுத்தில் மறுபடி வருகிறது.

போன மாதம் தங்கை மகள் கல்யாணத்துக்குப் பாத்திரம் வாங்கப் போனேன். இப்போது பித்தளையை யார் கேட்கிறார்கள், எல்லாம் எவர்சில்வர்தான். கடைக்காரர் உளியைக் கையில் எடுத்துக்கொண்டு, "பேரு என்னன்னு வெட்டட்டுங்க?" என்றார்.

பாத்திரத்தின் கழுத்தில் பேர் வெட்டும் இடத்தை விரலால் தடவினேன்...

"வேண்டாங்க," என்றேன். "பேரு இல்லாமலே குடுங்க."