வெள்ளைக் கேன்கள் காட்டிய வழி

காலை 5.45. சேந்தமங்கலத்தில் காரை நிறுத்தி ஆளுக்கொரு காபி குடித்தோம். கிளாஸ் பதினைந்து ரூபாய். பின்சீட்டில் காற்றிறக்கி மடித்த கயாக் கிடந்தது. இருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் ரப்பர் படகு, பதினாறு கிலோ. கேரளத்துக் காயலில் நான்கு நாள் வகுப்புக்குப் போய் நான் கற்றுக்கொண்டு வந்து மூன்று வருடமாகிறது. அந்த மூன்று வருடமும் என் கணவர் குமரேசனை ஒரு தடவையாவது தண்ணீரில் ஏற்றிவிட வேண்டும் என்று நச்சரித்தேன். பத்து வயதில் கிணற்றில் விழுந்து பிழைத்தவர் அவர். பரமத்தி வேலூரில் எங்கள் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் காவிரி ஓடுகிறது. முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். தண்ணீரோடு அவருடைய சகவாசமெல்லாம் கரையில் இருந்தபடிதான்.

கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்.

"நான் திரும்புன்னு சொன்னா அந்த எடத்துலயே திரும்பிடோணும், சுமதி. பேசப்படாது."

"சத்தியமாங்க," என்றேன்.

6.25. காரவள்ளியில் மலை ஏறத் தொடங்கினோம். சோளக்காடு வரை இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். அதற்குள் எழுபது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. நாற்பதாவது வளைவில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் விசில் அடித்துக்கொண்டு ஓட்டினார். தரை என்றால் அவருக்குப் பயமே கிடையாது.

மாசி மாதம். ஊருக்கு ஊர் சாலையோரத்தில் தார்ப்பாய் விரித்து மிளகு காயப்போட்டிருந்தார்கள். செம்மேட்டில் கால் கிலோ வாங்கினோம், நூற்றெண்பது ரூபாய். அங்கிருந்து மண்பாதையில் ஆறு கிலோமீட்டர் போனால் அந்த ஏரி. பெயரைச் சொல்லப்போவதில்லை. ஏன் என்பது படித்தால் புரியும்.

9.10. மூன்று பக்கமும் சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக் கொடி, நான்காவது பக்கம் சரிவில் மரவள்ளிக் காடு. காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி இறங்கி வந்தார். பெயர் செல்லி, நாற்பது வயதிருக்கும். நான் படகுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது அவரும் குமரேசனும் கரண்டைப் பற்றிப் பேசினார்கள்.

"பத்து மணிக்குத்தான் மும்முனை வருமுங்க. மோட்டாரு அந்தாண்ட கொட்டாயில இருக்குது. ஸ்டார்ட்டர ஆட்டோவுல போட்டு உட்டுருவனுங்க, கரண்டு வந்ததும் அதுபாட்டுக்கு ஓடும்," என்றார் செல்லி.

எனக்கு அதில் ஒரு அக்கறையும் இல்லை. நான் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒரு கை போலக் குறுகி நீண்ட இடத்தில், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு, வெள்ளைக் கேன்கள் வரிசையாக மிதந்தன. காயலில் படகுப் பாதைக்கு இப்படித்தான் மிதவை போட்டிருப்பார்கள். யாரோ நமக்கு முன்பே வழி போட்டு வைத்திருக்கிறார்கள் என்று மகிழ்ந்துபோனேன். நான்கு நாள் வகுப்பு கொடுத்த மிதப்பு அது.

9.40. மிதவைச் சட்டையை இறுக்கிக் கட்டி அவரை முன்னால் உட்கார வைத்தேன். கயாக்கில் பின்னால் இருப்பவர் கையில்தான் படகு. அவர் திருப்பினால்தான் திரும்பும். முதல் ஐந்து நிமிடம் குமரேசன் மூச்சு விட்டாரா என்றே தெரியவில்லை. பிறகு தோள் கொஞ்சம் இறங்கியது. துடுப்பைக்கூட இரண்டு தடவை போட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கேன்கள் நெருங்கின. அவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"சுமதி, திரும்பு."

"இன்னொரு நூறடிங்க. அந்தக் கேன் வரிசையத் தாண்டிட்டு வந்தறலாம்."

"திரும்புங்கறேன்!"

நான் சிரித்தேன். பழைய கிணற்றுப் பயம் என்று நினைத்து, இரண்டு கேன்களுக்கு நடுவே படகை விட்டேன். அடியில் ஏதோ இழுத்தது. படகு நின்றுவிட்டது.

எட்டிப் பார்த்தேன். தண்ணீருக்கு ஒரு சாண் கீழே கருப்புக் குழாய் ஒன்று வளைந்து நெளிந்து கிடந்தது. கேன்களெல்லாம் அதைத் தூக்கிப் பிடிக்கக் கட்டியவை. கட்டிய கயிற்றில், படகு நேராகப் போக அடியில் பொருத்தியிருக்கும் சிறகு மாட்டியிருந்தது.

"மோட்டாரு லைனு," என்றார், திரும்பாமலே. "இப்ப காலியாக் கெடக்குது. கரண்டு வந்து தண்ணி ஏறுச்சுன்னா நிமிந்துக்கும். நம்மளையும் சேத்துத் தூக்கும். மணி என்ன?"

9.54.

மிதவைச் சட்டை இருக்கிறது, சரி. கயிற்றில் கால் மாட்டிக் கவிழ்ந்தால் சட்டை என்ன செய்யும்? பையிலிருந்து கத்தியை எடுத்தேன்.

"அறுக்காத. கத்தி குழாயில பட்டா அந்தம்மா காட்டுக்குத் தண்ணி இல்ல," என்றவர், கரையைப் பார்த்துக் கத்தினார். "ஏனுங்க அக்கா! மெயினை எறக்குங்க! ஆட்டோ இல்ல, மெயினு!"

செல்லி களைக்கொத்தைப் போட்டுவிட்டு ஓடினார். கொட்டாய் ஏரியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாறை மேல் அவர் ஓடுவதும், மரத்துக்குப் பின்னால் மறைவதும் தெரிந்தது. நான் குனிந்து கயிற்றை இழுத்தேன். படகு ஆட்டம் கண்டது, விட்டுவிட்டேன்.

அன்றைக்குப் பார்த்துக் கரண்ட் இரண்டு நிமிடம் முன்னதாகவே வந்தது. தூரத்தில் மோட்டார் உறுமியது. தண்ணீருக்கடியில் குழாய் புரண்டு நிமிர்ந்தது. படகின் இடது பக்கம் எழும்பியது.

"எடது பக்கம் சாயி! முழுசாச் சாயி!"

சாய்ந்தேன். எனக்கு முன்னால், தண்ணீரைக் கண்டால் ஒதுங்கிப் போகும் அந்த மனிதர் இடுப்பு வரை வெளியே சாய்ந்து, கை இரண்டையும் ஏரிக்குள் விட்டுக் குழாயை அமுக்கிக்கொண்டிருந்தார். முகம் தண்ணீரில் பட்டுப் பட்டு மீண்டது. நான் வாய்விட்டு அழுதேன்.

உறுமல் நின்றது. குழாய் தளர்ந்தது. கயிற்றை விடுவித்துவிட்டேன். கரை சேர்ந்தபோது மணி 10.15.

செல்லி மூச்சிரைக்க வந்தார். "ஆளு குறுக்க வரப்படாதுன்னுதானே, கண்ணு, கேன் தெரியற மாதிரி உட்டு வெச்சிருக்கறோம்!"

குமரேசன் கொட்டாய்க்குப் போய் ஒரு மணி நேரம் செல்லியின் மோட்டார் ஸ்டார்ட்டரைச் சுத்தம் செய்து கொடுத்தார். நான் கேன் ஒவ்வொன்றிலும் கட்டச் சொல்லி என் சிவப்புத் துப்பட்டாவைக் கிழித்துக் கொடுத்தேன். இன்னொரு படகு அந்தக் குழாய்மேல் போய்விடக் கூடாது; ஏரியின் பெயரைச் சொல்லாததும் அதற்காகத்தான்.

மதியம் 3.00. இறங்கினோம். எழுபது வளைவில் ஒன்றில்கூட அவர் விசில் அடிக்கவில்லை. பரமத்தி வேலூருக்குள் நுழைந்து காவிரி கண்ணில் பட்டபோதுதான் எனக்குத் தைரியம் வந்தது.

"இனிமே எங்கூட வரமாட்டீங்களா?"

ஆற்றைப் பார்த்தார். "வாரேன். ஆனா பின்னால நாந்தான் உக்காருவேன்."

மூன்று வருடமாகக் கேட்டது கிடைத்துவிட்டது. படகைத் திருப்பும் இடத்தில் இனி என்னை நம்பி உட்கார வைக்க மாட்டார் என்பதும் அதோடு சேர்ந்தே வந்தது. சரிங்க என்றேன். பேசப்படாது என்பதுதானே ஒப்பந்தம்.