நல்ல கண்ணின் மேல் விழுந்த ஒளி

இதனை எழுதிவைக்க வேண்டிய தேவை ஒன்று உண்டு. விழித்திரையை அடிக்கடி ஆய்ந்து பார்ப்பது கண்ணுக்குக் கேடு என்னும் பேச்சு எங்கள் பக்கத்தில் பேருந்துக்குப் பேருந்து பரவுகின்றது. அவ்வச்சத்தை நானும் சுமந்து திரிந்தேன். அறிந்தவர் உரைத்தால் கேளாதவரும், அஞ்சியவன் எழுதினால் ஒருவேளை படிக்கக்கூடும்.

எனக்கு நெடுநாளாக நீரிழிவு. அதனால் இடக்கண் பார்வையை இழந்தேன். விழித்திரையில் குருதி கசிந்தது. வலி ஏதும் இல்லாமையால் நான் எவரிடமும் காட்டவில்லை. காட்டியபோது காலம் கடந்திருந்தது. படிப்பதும் எழுதுவதும் இன்று வலக்கண் ஒன்றாலேதான். அதனைக் காக்கவே மூன்று திங்களுக்கு ஒருமுறை திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்கிறேன். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தை இடுவர். பின்னர், தலையில் விளக்கு அணிந்த மருத்துவர் கையில் ஒரு வில்லையைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் பார்க்கச் சொல்வார். திரும்பும் வழியில் வெயில் கூசும், பேருந்தின் பெயர்ப்பலகை மங்கும், மாலைக்குள் தெளிந்துவிடும். இதில் எனக்கு ஐயம் எழுந்ததே இல்லை.

ஐயம் விக்கிரவாண்டியில் ஏறிற்று. ஆய்வு முடிந்து, கறுப்புக் கண்ணாடி அணிந்து, மருமகளுடன் திரும்பிக்கொண்டிருந்தேன். மல்லாட்டைக் கடலை மூட்டையோடு ஏறி அருகில் அமர்ந்த உழவர் ஒருவர் என்னை உற்று நோக்கினார்.

"கண்ணு ஆப்பரேஷனுங்களா?"

"இல்லை, ஆய்வுதான். மூன்று திங்களுக்கு ஒருமுறை."

"மூணு மாசத்துக்கு ஒரு தபாவா? பேஜாருங்க அது. எங்க சித்தப்பா இப்பிடித்தான் போய்க்கினே இருந்தாரு. ஒவ்வொரு தபாவும் லைட்டு அடிச்சு அனுப்புவாங்க. கடைசில ஒண்ணும் தெரியாம பூடுச்சு. வெயில்ல போட்ட துணியே வெளுத்துப் போவுது. கண்ணு தாங்குங்களா?"

"அவருக்கு சுகர் இருந்துச்சுங்களா?" என்று மருமகள் கேட்டாள்.

"இருந்துச்சும்மா. இப்ப அது யாருக்குத்தான் இல்ல?"

மருமகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பார்வை குன்றியதால் அவர் அடிக்கடி சென்றாரா, அடிக்கடி சென்றதால் குன்றியதா என்று வினவும் அறிவு எனக்கு இருந்தது. ஆயினும் வெளுத்த துணி நெஞ்சைவிட்டு அகலவில்லை. நாள்தோறும் எழுந்தவுடன் நாட்காட்டியின் சிற்றெழுத்துகளைப் படித்துக் கண்ணைச் சோதித்தேன். ஒருநாள் அவை நடுங்கின. கண்ணைக் கசக்கியபின் நேராயின. கண்ணின் குற்றமா, அச்சத்தின் குற்றமா என்று அறியேன். ஆய்வுக்குச் செல்லவும் அச்சம். செல்லாமல் இருந்து ஒரு கண்ணைப் பறிகொடுத்தவனாதலின், செல்லாதிருக்கவும் அச்சம்.

ஆகவே ஒரு வழி வகுத்தேன். அடுத்த முறை மருத்துவர் முன் அமர்ந்ததும் சொன்னேன்: "அம்மா, இடக்கண்ணை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பாருங்கள். வலக்கண்ணை இம்முறை விட்டுவிடுங்கள்."

என் மகளினும் இளையவரான அவர் விளக்கைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "திருடு போன வீட்டுக்குக் காவல் போடச் சொல்றீங்களே ஐயா!"

"ஒரு வாரமா வீட்டுல இதத்தான் சொல்லிப் பாத்துக்கினு இருந்தாரு டாக்டர்," என்று மருமகள் என்னைக் காட்டிக்கொடுத்தாள்.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். "இந்த லைட்டு அளவாத்தான் இருக்கும், பாக்குறதும் கொஞ்ச நேரந்தான். இதனால விழித்திரை கெடாதுங்க. சொட்டு மருந்தாலதான், ரொம்ப அபூர்வமா, சில பேருக்குக் கண்ணுல பிரஷர் ஏறும். அத முன்னாடியே பாத்துட்டுத்தான் ஊத்துறோம். அப்பிடியும் வீட்டுக்குப் போனப்புறம் கண்ணு செவந்து, கடுமையா வலிச்சு, வாந்தி வந்தா உடனே வந்துடணும். மூணு மாசத்துக்கு ஒரு தடவ வரச் சொல்றது சுகருக்குப் பயந்துதாங்க."

வலக்கண்ணைத் திறந்து கொடுத்தேன். மேலே, கீழே, வலப்பக்கம். மீண்டும் வலப்பக்கம். அங்கேயே ஒளி நின்றது. அவர் வில்லையைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தார்.

"போன தடவ இல்லாத சின்னச் சின்ன ரத்தக் குழாய் புதுசா மொளைச்சிருக்குங்க. கசியுறதுக்கு முன்னாடி லேசர் வச்சிடலாம்."

லேசரும் ஒளியன்றோ! ஒளிக்கு அஞ்சி வந்தவனை ஒளியாலேயே சுடுவதாகச் சொல்கிறார். "அப்படியானால் ஒளி சுடும்தானே?" என்றேன்.

"அது சுடுறதுக்குன்னே செஞ்சது. இது பாக்குறதுக்கு. வெல்டிங்கும் வீட்டு பல்பும் ஒண்ணுங்களா?" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "லேசரால ஓரப் பார்வையும் இருட்டுல பாக்குறதும் கொஞ்சம் கொறையலாம். மறைக்கல. ஆனா படிக்கிற பார்வையக் காப்பாத்தணும்ல?"

'படிக்கிற பார்வை' என்ற அந்த ஒரு சொல்லுக்கே இசைந்தேன். கருவியின் மேல் முகவாயை வைத்து வலக்கண்ணைத் திறந்து கொடுத்தேன்.

சில அமர்வுகளில் லேசர் முடிந்தது. அந்தி சாய்ந்தபின் இன்று தனியே நடப்பதில்லை. எழுத்து மட்டும் நிலைத்திருக்கிறது. அன்று நான் கேட்டவாறே மருத்துவர் வலக்கண்ணை விட்டிருந்தால் என்னும் எண்ணம் இப்போதும் என்னை விடவில்லை. எனினும் சொட்டு மருந்து விழும் நொடியில் அந்த வெளுத்த துணி நினைவுக்கு வராமல் இல்லை. அச்சத்தோடே செல்கிறேன், செல்லாமல் மட்டும் இருப்பதில்லை.

நான் மருத்துவம் கற்றவன் அல்லன். கேட்டதையும் பட்டதையும் எழுதினேன். பிழை இருப்பின் அறிந்தோர் திருத்துக. திருத்தத்தைச் சற்றுப் பெரிய எழுத்தில் எழுதி விடுத்தால், பிறர் உதவியின்றி நானே படித்துக்கொள்வேன்.