பதினோரு கட்டங்கள்

வெள்ளிப் புல்லாங்குழலை விட்டுவிட்டு, துளையை மூட ஒரேயொரு விசை வைத்த மரக்குழலை அவள் கையில் எடுத்தபோது வயது பத்தொன்பது. முந்நூறு ஆண்டுக்கு முந்தைய ஐரோப்பிய இசையை அந்தக் காலத்துக் குழலிலேயே வாசிப்பது என்று முடிவு செய்திருந்தாள். "ஊர் உலகமெல்லாம் முன்னாடி போகுது, நீ மட்டும் பின்னாடி நடக்கிற," என்றார் அப்பா. மரக்குழலின் ஒலி அடுத்த அறைக்கே ஒழுங்காகப் போகாது. வாசிக்கும் முன் நெஞ்சோடு அணைத்துச் சூடாக்க வேண்டும், வாசித்தபின் ஈரம் துடைக்க வேண்டும். இசைக்கல்லூரியில் அவளுக்குத் 'தொல்பொருள்' என்று பட்டப்பெயர் விழுந்தது.

அவளுக்குப் பேர் வாங்கித் தந்தது இரண்டு குழல்களுக்காக யாரோ எழுதிவைத்த ஒரு படைப்பு. அந்நாளில் ஒவ்வொருவர் வாசிக்கும் பகுதியையும் தனித்தனி ஏட்டில் எழுதுவார்கள். முதல் குழலின் ஏடு மட்டும் கிடைத்தது. தொலைந்துபோன இரண்டாம் ஏட்டை நான்கு வருடம் உட்கார்ந்து அவளே ஊகித்து எழுதினாள். நடுவில் ஓரிடத்தில் முதல் குழலுக்குத் தொடர்ந்து பதினோரு தாளக் கட்டங்கள் ஓய்வுக்குறி, அதாவது அதுவரை ஊதாமல் நிற்க வேண்டும். அங்கே மற்ற குழல் தனியே பாடியிருக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்த அரை நிமிடத்துக்கு அவள் எழுதிய மெட்டு இசைத்தட்டில் வந்தது, பாடத்தில் சேர்ந்தது. கூட இரண்டாம் குழலை வாசித்தவன் தம்பி. "மத்ததெல்லாம் உனக்கு, அந்தப் பதினொண்ணு எனக்கு," என்பான். நிகழ்ச்சி முடிந்து கைகுலுக்க வருபவர்கள் அவனிடம்தான் முதலில் போவார்கள்.

இருபத்திரண்டு வருடம் கழித்து வேறொரு நகரத்து நூலகர் தொலைபேசியில் அழைத்தார். பழைய சட்டப் புத்தகம் ஒன்றின் அட்டையைப் பிரித்தபோது, விறைப்புக்காக உள்ளே ஒட்டியிருந்த தாள்களில் இசைக்குறிகளும் 'இரண்டாம் குழல்' என்ற தலைப்பும் இருந்தனவாம். அக்காவும் தம்பியும் ரயிலேறினார்கள்.

நீண்ட மேசையில் தாள்களை வரிசையாகப் பரப்பி, தன் ஊகத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தாள். சில வரிகளில் ஒரு சுரம்கூடப் பிசகவில்லை. பிறகு அந்த இடம் வந்தது. இரண்டாம் குழலுக்கும் பதினோரு கட்டங்கள் ஓய்வுக்குறி.

அவள் விரல் வைத்து மறுபடி எண்ணினாள். பதினொன்றுதான்.

"எழுதினவர் கை தவறியிருக்கலாம் மேடம். எனக்கு இசை தெரியாது. நீங்க சொல்றதைத்தான் பட்டியல்ல எழுதுவேன்," என்றார் நூலகர்.

தம்பி குனிந்து பார்த்தான். குறிகளுக்கு மேலே, பழுப்பேறிய மையில் பொடியாக ஒரு சொல். 'இருவரும்' என்று பொருள். அவள் அதை ஏற்கெனவே பார்த்துவிட்டாள். அவன் பார்க்காமல் இருந்திருந்தால் தான் சொல்லியிருப்பாளா என்று பின்னாளில் பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டாள்.

நூலகர் விளக்கை எடுத்துவரப் போனதும் தம்பி சொன்னான்: "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிடலாம்க்கா. ஆனா அந்தச் சோத்தை நாமதான் சாப்பிடணும்."

"உன் பதினொண்ணு போயிடுமேடா."

"எங்க போகும்? ரெண்டு பேர் சும்மா நிக்கணும்னா ரெண்டு பேர் வேணும்ல. நான் வர்றேன்."

நூலகர் திரும்பியதும் அவள் சொன்னாள்: "அவர் கை தவறல. என் கைதான் தவறிடுச்சு. அப்படியே எழுதுங்க."

அடுத்த நிகழ்ச்சிக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு அந்த மெட்டு மனப்பாடம். அந்த இடம் வந்ததும் இருவரும் குழலைத் தாழ்த்தினார்கள். தம்பி மறந்துவிட்டான் என்று நினைத்து முன்வரிசையில் ஒருவர் தலையை நிமிர்த்தினார். ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. நான்காம் கட்டத்தில் யாரோ இருமலை அடக்கினார்கள். ஏழாம் கட்டத்தில் மண்டபத்தில் ஓர் அசைவும் இல்லை. அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள். ஓய்வுக்கு முன் கடைசியாக ஒலித்தது எந்தச் சுரமோ, அது இன்னும் எங்கோ நின்றுகொண்டிருப்பதுபோல் இருந்தது. பதினொன்று முடிந்து குழலை உதட்டில் வைத்து ஊதினாள். அதே சுரம். ஏட்டில் அவள் ஆயிரம் முறை பார்த்ததுதான். காதுக்கு எட்டியது இன்றுதான். இருபத்திரண்டு வருடமாக அவளுடைய மெட்டு குறுக்கே நின்றிருக்கிறது. பெயர் தெரியாத அந்த மனிதரின் முன்னால் தான் மிகச் சிறியவளாகிப்போனதாகத் தோன்றியது. அது அவளுக்கு வருத்தமாக இல்லை.

அன்று கைகுலுக்க யாரும் உடனே எழுந்து வரவில்லை. மேடையின் பின்னால் குழலைத் துடைத்துக்கொண்டே தம்பி கேட்டான்.

"பத்தாவதுல நான் மூச்சு இழுத்தது கேட்டுச்சா?"

"மண்டபத்துக்கே கேட்டுச்சு."

"சரி, அடுத்த தடவை ஒம்பதுலேயே இழுத்துக்கிறேன்," என்றான்.