மீன் ஏற்றிய பிக்கப்

தைப்பூசத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை என் டைரியில் இரண்டே சொற்கள்: "சாவி கொடுத்தேன்." அடுத்து வந்த வெள்ளிக்கிழமைகளிலும், ஏறத்தாழ ஒரு வருடத்துக்கு, அதே இரண்டு சொற்கள்தான்.

வாங்கிப் போனவர் என் அக்காவின் கணவர். ஈப்போவில் பழைய வண்டிகளை வாங்கி விற்பவர். கடை நிறைய வண்டி இருந்தும், கடலோர ஹுத்தான் மெலிந்தாங் போய் மீன் ஏற்றிவர அவருக்கு என்னுடைய மலிவு விலை பிக்கப்தான் வேண்டியிருந்தது. உப்புத்தண்ணீர் பட்ட வண்டி விலை போகாதென்று அவருக்குத் தெரியாதா? ரப்பர் தோட்டம் அழிந்து வரிசை வீடுகள் எழும்பித் தாமானான எங்கள் பகுதிக்கு வாராவாரம் வந்து நிற்பார். அக்காவைக் கட்டியவரிடம் சாவி இல்லை என்று சொல்லும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது.

வண்டிக் கடன் தவணை முடிந்ததும் விற்க அவரிடமே போனேன். வேறு கடைக்குப் போனால் அக்கா வருத்தப்படுவாள். அவர் குனிந்து பின்தட்டின் அடியை விரலால் தட்டினார். துரு உதிர்ந்தது.

"கராட் மச்சான், துரு. அடி பூரா அரிச்சிருக்கு. இதே வருசத்து வண்டிக்குக் குடுக்கிறதுல பாதிதான் தர முடியும்."

"அது மீன் தண்ணி மச்சான். நீங்க ஏத்துனது."

"யாரு ஏத்துனான்னு துருவுல எழுதியா இருக்கு?"

வேலையாட்கள் சிரித்தார்கள்.

எழுதினேன். மறுநாள் காலை அவர் கடைக்கு எதிரே சாலையோரம் பிக்கப்பை நிறுத்தினேன். பின்கதவில் ஒரு பலகை, தமிழிலும் மலாயிலும்: "விற்பனைக்கு. பாதி விலை. துருவுக்குக் காரணம் மீன். மீன் ஏற்றியவர் எதிர்க்கடை முதலாளி. விலையைக் குறைத்தவரும் அவரே."

வண்டி வாங்க வந்தவர்கள் முதலில் பலகையைப் படித்தார்கள். சிலர் கடைக்குள் நுழையாமலே திரும்பினார்கள். மூன்றாம் நாள் அவரே சாலையைக் கடந்து வந்தார்.

"என்னடா மச்சான், சொந்தக்காரன் மானத்த ரோட்டுல வச்சு விக்கிற?"

"சரியான விலைய சொல்லுங்க மச்சான், போயிடறேன் லா."

துருப்பிடிக்காத வண்டிக்கு உண்டான விலையைக் கொடுத்தார். பலகையையும் கேட்டார். அது விற்பனைக்கில்லை என்றேன். இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது.

பிறகு அவர் பிக்கப்பின் அடியில் கறுப்புப் பெயிண்ட் அடித்து தெலுக் இந்தானில் ஒருவர் தலையில் கட்டினாராம். முதல் மழைக்கே மீன் நாற்றம் கிளம்ப, வாங்கியவர் வண்டியை மச்சான் கடை வாசலிலேயே கொண்டுவந்து விட்டுப் போனாராம். கேட்ட அன்று எனக்குச் சோறு இரண்டு பிடி கூடுதலாக இறங்கியது. ஆனால் இது டீக்கடைப் பேச்சு. உண்மையா என்று சொல்லக்கூடியவள் அக்கா ஒருத்திதான். பலகை வைத்த நாளிலிருந்து அவள் என் போனை எடுப்பதில்லை. ஆகவே, சரிபார்க்கப்படாதது என்றே டைரியில் குறித்து வைத்திருக்கிறேன்.