ஒரு வாரத்துக்கு எடுத்த சீட்டு

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். பதினேழு கட்டடங்களின் லிஃப்டுகள் அவன் பொறுப்பு. உட்கார்ந்து சாப்பிட அவனுக்கு வராது. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தபடியே சாப்பிடுவான். போன் அடித்தால் பாதியில் வைத்துவிட்டு ஓடுவான். எங்கோ நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே யாரோ மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

இப்படி ஓரிடத்தில் நிற்காதவன்தான் ஒன்பது வருடமாக, ஞாயிறு ஆராதனை முடிந்ததும், ஆலயத்தின் பின்கட்டு அறையில் திடப்படுத்தல் வகுப்பு எடுக்கிறான். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் சபைக்கு முன் நின்று தங்கள் விசுவாசத்தைச் சொல்லி, முதல்முறை நற்கருணை வாங்குவதற்கு முன் படிக்கிற வகுப்பு அது. இந்த வருடம் பதினொரு பேர். நான் எட்டாவதோடு நின்றவள். அவன் வகுப்பு எடுப்பதைக் கேட்க ஜன்னலுக்கு வெளியே வேண்டுமென்றே துடைப்பத்தோடு நிற்பேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

பிள்ளைகளுக்கு அவன் ‘லிஃப்ட் அண்ணா’. கிண்டலுக்குக் குறைவே இருக்காது.

“அண்ணா, நான் மேலயா, கீழயா?”

“உன் வெயிட்டுக்கு ரெண்டும் கஷ்டம்டா. உக்காரு.”

பாவம் என்றால் பட்டியல் ஒப்பிக்கச் சொல்ல மாட்டான். “யாரப் பாத்தா நீ மூஞ்சியத் திருப்பிக்கிற? அங்கேருந்து ஆரம்பி” என்பான். மனந்திரும்புதல் என்றால் அழுவது இல்லை, போன வழியே திரும்பி நடப்பது என்பான். கிருபைக்கு அவன் தொழிலையே இழுப்பான். “குதிச்சுக் குதிச்சு ஆறாவது மாடிக்குப் போக முடியுமா? உள்ள ஏறி நில்லு. அது தூக்கும்.”

“கரண்ட் போயிட்டா?”

“போகாது. அது உன் வீட்டு கரண்ட் இல்ல.”

வகுப்பின் கடைசி வாரம் ஒரு வழக்கம் வைத்திருந்தான். மனதை அழுத்துகிற ஒன்றைப் பிள்ளைகள் பெயர் போடாமல் ஒரு சீட்டில் எழுதி டப்பாவில் போட வேண்டும். அவன் அதைத் திறக்காமலே ஆலயத்துக்குப் பின்னால் பழைய பெயின்ட் வாளியில் கொட்டி எரித்துவிடுவான். “நானும் படிக்க மாட்டேன். ஒருத்தரும் படிக்க மாட்டாங்க. சத்தியம்” என்று ஒவ்வொரு வருடமும் சொல்வான்.

சபையில் இன்னொரு டப்பாவும் உண்டு. ஜெபக்குறிப்பு டப்பா. நோய், வேலை, கல்யாணம் என்று யார் வேண்டுமானாலும் எழுதிப் போடலாம். புதன்கிழமை மாலை பெண்கள் ஜெபக்கூட்டத்தில் செயலாளர் அம்மா ஒவ்வொன்றாக உரக்கப் படிப்பார். கேட்கிறவர்களில் ஒருவர் கையைத் தூக்கி, அந்தச் சீட்டை வீட்டுக்கு எடுத்துப்போய், ஒரு வாரம் அதற்காக ஜெபித்துவிட்டு, அடுத்த புதன் திருப்பித் தர வேண்டும். எடுத்த சீட்டைப் பாதியில் திருப்பித் தருவது எங்கள் சபையில் இல்லை.

இரண்டு டப்பாக்களும் துருப்பிடித்திருந்தன. நான் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் மேற்பார்வை பார்க்கிறேன். கழித்துப் போட்ட விரிப்பிலிருந்து ஒரே அளவில் துணி வெட்டி, அரை அங்குல மடிப்பு வைத்து, இரண்டுக்கும் உறை தைத்தேன். ஒன்றுக்கொன்று நூல் பிசகாமல் இருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். எந்த டப்பா எது என்று எழுதி ஒட்ட எனக்குத் தோன்றவில்லை.

அந்த ஞாயிறு தம்பி எரித்தது ஜெபக்குறிப்புகளை.

புதன்கிழமை செயலாளர் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் சீட்டைப் பிரித்தார். “ஜெபிக்கும்போது கண்ணைத் திறந்து மற்றவர்களை வேடிக்கை பார்க்கிறேன்.” படித்துவிட்டு எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். “யாருன்னு கேக்கல. ஆனா திருந்துங்க” என்றார். சிரிப்பு அடங்குவதற்குள் இரண்டாவது. “தம்பியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.” டப்பா மாறிவிட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுந்திருப்பதற்குள் மூன்றாவதையும் பிரித்துவிட்டார்.

“புதுப் பள்ளியில் எனக்கு அம்மா இல்லை என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் என்னிடம் பாசமாக இருக்கிறார்கள். இனிமேல் எப்படி மாற்றிச் சொல்வது என்று தெரியவில்லை.”

என் பக்கத்தில் இருந்தவள் உடனே கையைத் தூக்கினாள். சலவைப் பிரிவில் என்கீழ் மடிப்பு மேசையில் வேலை செய்கிறவள் அவள். “நான் எடுத்துக்கிறேம்மா. பாவம், அந்தத் தாய்க்குத் தெரிஞ்சா என்ன ஆகும்” என்றாள். சீட்டு என் கை வழியாகத்தான் அவளிடம் வந்தது. பார்த்தாள். மறுபடி பார்த்தாள். நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

அவள் மகள் இந்த வருடம்தான் நகரத்தின் மறுகோடியில் பெரிய பள்ளியில் சேர்ந்திருந்தாள். தம்பியின் வகுப்பிலும் இருந்தாள்.

நான் போய் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டேன். “இது பிள்ளைங்களோடது. மாறிப்போச்சு.”

“அப்ப என் முட்டிவலி?” என்றார் செயலாளர் அம்மா.

“எரிஞ்சுபோச்சும்மா.”

“வலி எரிஞ்சிருந்தா பரவால்ல” என்று முட்டியைத் தடவிக்கொண்டார்.

முதல் இரண்டு சீட்டுகளையும் எடுத்தவர்கள் அங்கேயே திருப்பித் தந்தார்கள். இவள் தரவில்லை. மறுநாள் மடிப்பு மேசையில் நானும் அவளும் ஒரு விரிப்பின் இரு முனைகளைப் பிடித்திருந்தோம்.

“அந்தச் சீட்டக் குடுத்துரும்மா.”

“ஒரு வாரத்துக்குன்னு எடுத்தேன்க்கா. வாரம் முடியட்டும்.”

“உனக்கு...”

“ஒண்ணாங்கிளாஸ்ல கையப் புடிச்சு எழுதச் சொல்லிக்குடுத்தது நான். அவ கையெழுத்து எனக்குத் தெரியாதா?” விரிப்பை உதறி நடுவில் மடித்தாள். ஓரம் சரியாக ஓரத்தில் விழுந்தது. “அவ அப்பாவ மட்டும் வரச்சொல்லி ஸ்கூல்லேருந்து லெட்டர் வரும். எனக்கு வேலை இருக்குன்னுதான் என்னக் கூப்பிடலன்னு நெனச்சேன். அவகிட்ட சொல்லிராதீங்க. தானா வரட்டும்.”

தம்பியிடம் சொன்னேன். தட்டோடு நடந்துகொண்டிருந்தவன் நின்றான். பிறகு முன்பைவிட வேகமாக நடந்தான். “சத்தியம்னு சொன்னேனேக்கா. ஒம்பது வருஷமா சொல்றேனே.”

“எந்தச் சீட்டு யாரோடதுன்னு யாருக்கும் தெரியாதுடா.”

“எனக்குத் தெரியுதே.”

போதகரைப் போய்ப் பார்த்தான். நல்ல மனிதர். “ஞாயிறு பிள்ளைங்க நற்கருணை வாங்கப்போற நேரம். இப்பக் கெளறினா பாதிப் பேர் வரமாட்டாங்க. அந்த அம்மாவும் வேண்டாங்கறாங்க. பேசாம விட்டுரு” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தம்பி ஒரு கட்டடத்தில் லிஃப்ட் கதவைக் கழற்றிவிட்டுத் திருகாணிகளை எங்கே வைத்தோம் என்று மறந்துபோய் அரைமணி நேரம் தேடினானாம். அவன் அப்படி மறந்து நான் கேள்விப்பட்டதில்லை.

சனிக்கிழமை ஒத்திகை முடிந்ததும் பிள்ளைகளை உட்காரச் சொன்னான். உறை தைத்தது நான் என்பதால் நானும் போய்ச் சுவரோரம் நின்றேன்.

“டப்பா மாறிப்போச்சு. மூணு சீட்ட சத்தமா படிச்சுட்டாங்க. எட்டு பிரிக்காம இருக்கு. எரிக்கறதுக்கு முன்னாடி எந்த டப்பான்னு நான் பாத்திருக்கணும். பாக்கல. ஒருத்தரும் படிக்க மாட்டாங்கன்னு சத்தியம் பண்ணினேன், அது ஒடஞ்சிருச்சு. என்ன மன்னிச்சிருங்க.”

கடைசி வரிசையிலிருந்து ஒருவன், “அண்ணா, மூஞ்சியத் திருப்பாதீங்க, எங்களப் பாத்து சொல்லுங்க” என்றான். கிண்டலாகத்தான் சொன்னான். தம்பி நிமிர்ந்து, அவர்களைப் பார்த்து, முதலிலிருந்து மறுபடி சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் மட்டும் ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். அலமாரி அதில் ஒருவனுடையது என்று நினைக்கிறேன். மூடியிருந்த எட்டையும் அவர்கள் கண்முன் எரித்தான்.

எல்லோரும் போன பிறகு அந்தப் பெண் மட்டும் நின்றாள். பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரல் வெளுத்திருந்தது.

“அண்ணா, படிச்சது... அம்மா சம்பந்தப்பட்டது ஒண்ணு இருந்துச்சா?”

“இருந்துச்சும்மா.”

“யாரு எடுத்தா?”

தம்பி என்னைப் பார்த்தான். நான் தலையை அசைத்து வேண்டாம் என்றேன். அவன் கையில் கரி ஒட்டியிருந்தது. அதைச் சட்டையிலேயே துடைத்தான்.

“உங்கம்மா.”

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

“அந்தம்மா சொல்லாதன்னு சொன்னாளேடா!”

“இவ என்ன நேராக் கேட்டாக்கா. இன்னொரு தடவ இவகிட்டப் பொய் சொல்லணுமா?”

எனக்குக் கோபமும் வந்தது, பெருமையும் வந்தது. எது முதலில் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

ஞாயிறு சபைக்கு முன் பத்துப் பேர்தான் நின்றார்கள். அவள் வந்திருந்தாள். ஆனால் கடைசி பெஞ்சில் அம்மாவிடமிருந்து ஒரு கை தூரம் தள்ளி உட்கார்ந்திருந்தாள். பேர் வாசிக்கும்போது போதகர் பதினோராவது பெயரில் ஒரு நொடி நிறுத்தினார். அவள் எழுந்திருக்கவில்லை. தம்பி ஆராதனை முழுவதும் கதவருகே கால் மாற்றி மாற்றி நின்றான்.

புதன்கிழமை கூட்டத்தில் மடிப்பு மேசைக்காரி சீட்டைத் திருப்பிக் கொடுத்தாள். ஒரு வாரம் கைப்பையில் இருந்ததில் மடிப்புகள் நைந்திருந்தன. “ஜெபிச்சாச்சு” என்று மட்டும் சொன்னாள். நான் வாங்கி, படிக்காமல், அங்கேயே மெழுகுவர்த்தியில் காட்டினேன்.

வியாழக்கிழமை விடுப்புப் படிவத்தோடு என் மேசைக்கு வந்தாள். வெள்ளிக்கிழமை பிற்பகல், மூன்று மணி நேரம். காரணம் என்ற இடத்தில் ‘மகள் பள்ளியில் பெற்றோர் கூட்டம்’ என்று எழுதியிருந்தது. அவள் எழுத்து இல்லை. சீட்டில் இருந்த அதே எழுத்து.

“யாரு எழுதினது?” என்று தெரியாததுபோலக் கேட்டேன்.

“அவதான். எனக்கு ஃபாரம் நிரப்பத் தெரியாதாம். சண்ட புடிச்சு வாங்கி எழுதினா.” சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அதுக்கப்புறம் என்னோட பேசவே இல்லக்கா. எழுதி மட்டும் குடுத்தா.”

கையெழுத்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை மூன்று மணியிலிருந்து தம்பி நான்கு முறை போன் செய்தான். முதல் முறை, போனாங்களா? இரண்டாவது, பஸ் கெடச்சிருக்குமா? மூன்றாவது முறை ஏதோ கட்டடத்தின் லிஃப்ட் மேலிருந்து பேசினான், காற்று இரைந்தது. “எல்லார் முன்னாடியும் அந்தப் புள்ள எப்படிக்கா சொல்லும்? எங்கம்மா இதுதான்னு?”

“நீ எப்படிச் சொன்ன?”

“வெச்சுடறேன்க்கா, ஆள் மாட்டிட்டிருக்கு” என்றான். ஐந்து நிமிடத்தில் மறுபடி அடித்தான்.