கழுத்து சொன்ன மறுப்பு

எனக்குக் கழுத்தில் ஒரு வருத்தம். சதை தன்பாட்டில் இழுக்க, தலை 'இல்லை, இல்லை' என்று இடமும் வலமும் ஆடும். நாடியில், உதட்டுக்குக் கீழே, ஒரு விரலை வைத்தால் நின்றுவிடும். புதிதாக நன்கொடை கேட்டு வருகிறவர்கள் வாசல் படலையில் நின்று என்னைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுவார்கள். நானும் கூப்பிட்டுத் திருத்துவதில்லை.

சிக்கல் வந்தது தேவாலயத்தில். தம்பியின் மகள் தாயில்லாமல் ஐந்து வயதிலிருந்து என்னிடம் வளர்ந்தவள்; அவளுக்குக் கலியாணம். எங்கள் வழக்கப்படி, மறுப்பிருந்தால் சொல்லும்படி மூன்று ஞாயிறு ஆராதனையில் அறிவித்தல் வாசிக்க வேண்டும். முதல் ஞாயிறு மாப்பிள்ளையின் தாய் கொக்குவிலிலிருந்து வந்திருந்தார். போதகர் இரண்டு பெயரையும் வாசித்த நேரம், முன்வாங்கில் என் தலை மும்முரமாக ஆடியது. பின்னேரமே அவர் என் மருமகளுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"மாமிக்கு விருப்பமில்லையெண்டால் நாங்கள் யோசிக்கோணும் பிள்ளை."

"அது கழுத்து வருத்தம், அன்ரி."

"வருத்தமெண்டால் பாட்டுப் படிக்கேக்கை ஏன் ஆடேல்லை?"

பாட்டு முழுக்க விரல் நாடியில் இருந்தது. பெயர் வாசிக்கும்போது அதை ஏன் எடுத்தேன் என்று மட்டும் என்னிடம் கேட்கக்கூடாது. மாப்பிள்ளையில் ஒரு குறையும் இல்லை. அவளை நோர்வேக்குக் கொண்டுபோகிறான், அவ்வளவுதான்.

அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது. பல வருடமாகத் தட்டிக்கழித்த ஊசிக்கு மறுநாளே அவளோடு யாழ்ப்பாணம் போனேன்.

"ரின்னிலை அடைச்ச மீன் பழுதானால் வாற நஞ்சுதான் அம்மா, துளியளவு. இழுக்கிற சதையைத் தளர்த்திவிடும்" என்றார் டொக்டர்.

இந்த வயதில் கலியாணத்துக்காக நஞ்சு ஏற்றிக்கொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இரண்டாம் ஞாயிறு ஆட்டம் பாதியானது. மூன்றாம் ஞாயிறு, விரல் வைக்காமலே, படம் பிடிக்க இருந்தவள் மாதிரி அசையாமல் இருந்தேன். ஆராதனை முடிந்ததும் மாப்பிள்ளையின் தாய் வந்து என் கையைப் பிடித்தார்.

"இப்ப சந்தோசம்தானே?"

"ஓம், நல்ல சந்தோசம்" என்றேன். தலை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவரும் சிரித்துக்கொண்டு போனார்.

பக்கத்தில் நின்ற மருமகள் சிரிக்கவில்லை. என் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே காதருகில் சொன்னாள்:

"மூண்டு மாசத்திலை மருந்து முறிஞ்சுபோமெண்டு டொக்டர் சொன்னவர். நோர்வேயிலையிருந்து வீடியோ கோல் எடுத்து இதையே திருப்பிக் கேப்பன், மாமி. கையைக் கீழை வைச்சுக்கொண்டு பதில் சொல்லுங்கோ."